வெளிநாட்டுப் பயணம்: பெட்டியின் எடையைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கோ படிப்புக்கோ குடிபெயர்ந்து போகிறவர்களுக்கு இது இல்லை. அவர்கள் கொண்டுபோகத்தான் வேண்டும். பத்து நாள், இருபது நாள் சுற்றிப் பார்க்கவோ, பிள்ளைகளைப் பார்க்கவோ, ஒரு கல்யாணத்துக்கோ போய்த் திரும்புகிறவர்களுக்காக எழுதியது. யாராவது வெளிநாடு கிளம்பும்போது திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

குறைவு என்றால் எவ்வளவு? ஒரு கணக்கு சொல்லுங்கள்.

ஏழு கிலோ. இது நான் வைத்த கணக்கு இல்லை. இண்டிகோ, ஏர்ஏசியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எல்லாம் எகானமியில் கேபினுக்குள் அனுமதிக்கிற எடை இதுதான். லுஃப்தான்ஸாவில் 8 கிலோ. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 23 கிலோ வரை விடுகிறது, ஆனால் அதை நீங்களே தூக்கி மேலே வைக்க வேண்டும், அதனால் அந்தத் தாராளத்தில் மயங்க வேண்டாம். இரண்டு மூன்று விமானம் மாறிப் போகிறவர்கள் அதில் எது குறைவான எடையோ அதையே கணக்கில் வையுங்கள். ஏழு கிலோவுக்குள் கட்டிவிட்டால் உலகத்தில் பெரும்பாலான விமானங்களில் பெட்டியைச் செக்-இன் போடாமலே, அதாவது கவுன்டரில் ஒப்படைக்காமலே ஏறிவிடலாம்.

மூன்று வாரம் போகிறேன். ஏழு கிலோ எப்படிப் போதும்?

எத்தனை நாள் பயணம் என்பதை மறந்துவிடுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு தடவை துவைக்கப் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஐந்து நாளுக்கு ஒரு தடவை என்றால் ஐந்து நாளுக்கான துணி போதும், பயணம் ஒரு வாரமானாலும் மூன்று மாதமானாலும் அதே பெட்டிதான். இது மட்டும் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் துவைக்கவே மாட்டோம் என்று முடிவு செய்துகொண்டு, இருபது நாளைக்கு இருபது சட்டை, அவசரத்துக்கு இன்னும் நான்கு என்று அடுக்குகிறார்கள். அழுக்குத் துணியை நாடு நாடாகச் சுமப்பதைச் சுற்றுலா என்று எப்படிச் சொல்வது?

என் பையில் இருப்பது: மேல்சட்டை நான்கு, பேன்ட் இரண்டு (ஒன்று உடம்பில்), உள்ளாடை ஐந்து செட், ராத்திரிக்கு ஒரு ஷார்ட்ஸ், ஒரு மெல்லிய ஸ்வெட்டர், ஒரு துண்டு. எல்லாமே ஒன்றோடொன்று சேரும் நிறம். ஜீன்ஸ் வேண்டாம், ஒரு ஜீன்ஸ் முக்கால் கிலோ வரை போகும், நனைந்தால் இரண்டு நாள் ஈரம் போகாது.

ஹோட்டலில் எப்படித் துவைப்பது? லாண்டரிக்குப் போட்டால் சொத்தை எழுதிக் கேட்கிறார்களே.

ஹோட்டல் லாண்டரிப் பக்கம் போகவே போகாதீர்கள், ஒரு பனியனுக்கு வாங்குகிற காசில் இங்கே புதுசே வாங்கிவிடலாம். ஐரோப்பிய நகரங்களில் காசு போட்டு நாமே துவைக்கிற கடைகள் உண்டு. ஜப்பானில் நடுத்தர ஹோட்டல்கள் பலவற்றில் காயின் லாண்டரி கட்டடத்துக்குள்ளேயே இருக்கும். அப்பார்ட்மென்ட் மாதிரி இடம் எடுப்பவர்கள் புக் செய்யும்போதே வாஷிங் மெஷின் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தினம் ஒன்றிரண்டு துணியைக் கையால் அலசுவது இன்னும் சுலபம். துணி சோப்பில் பாதி வெட்டிக் கொண்டுபோங்கள். கட்டி சோப்பு என்பதால் திரவக் கணக்கில் வராது. ராத்திரி குளிக்கும்போதே சட்டையை அலசி, லேசாகப் பிழிந்து, ஹோட்டல்காரர் கொடுத்த தடிமனான டவலை விரித்து அதன் மேல் பரப்புங்கள். பாய் சுருட்டுகிற மாதிரி டவலோடு சேர்த்து இறுக்கிச் சுருட்டி, அதன் மேல் ஏறி நின்று இரண்டு மிதி. அவ்வளவு தண்ணீரும் டவலுக்குப் போய்விடும். அப்புறம் ஹேங்கரில் மாட்டி, ஏசி காற்று படுகிற இடத்தில் தொங்கவிட்டால் பாலியஸ்டர் கலந்த துணி காலையில் போட்டுக்கொள்கிற பதத்தில் இருக்கும். சுத்தப் பருத்தி மட்டும் காலர் ஓரத்திலும் தையலிலும் ஈரம் பிடித்துக்கொண்டு அடம் பிடிக்கும், அதனால்தான் பயணத்துக்கு மட்டும் நான் பருத்தியை விட்டுவிடுகிறேன்.

துண்டு விஷயத்தில் அப்படியே தலைகீழ். டர்க்கி டவல் அரை கிலோ கனக்கும், காயவும் காயாது. நம்ம ஊர் ஈரிழைத் துண்டு மெல்லியது, மடித்தால் உள்ளங்கை அகலம்தான், ஃபேன் காற்றில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதே துண்டு விமானத்தில் போர்வை, வெயிலில் தலைக்கு, ரயிலில் தலையணை. வெளிநாட்டில் பயணத்துக்கென்றே மைக்ரோஃபைபர் டவல் விற்கிறார்கள், நல்ல விலை. ஈரோட்டுப் பக்கம் போய் நாலு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இதெல்லாம் சரிப்படுமா? புடவை கட்டுகிறவர்கள் என்ன செய்வது?

சரிப்படும். புடவையில் எடை என்பது துணியைப் பொறுத்தது. ஒரு கனமான பட்டுப்புடவை ஒரு கிலோவைத் தொடும், பூனம் புடவை அதில் பாதிகூட இருக்காது, அலசிப் போட்டால் ராத்திரிக்குள் காய்ந்துவிடும், இஸ்திரியும் வேண்டாம். நம் அம்மாக்கள் எத்தனையோ வருஷமாக ரயில் பயணத்துக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போகிறார்கள். இரண்டு மூன்று புடவைக்கும் ஒத்துப்போகிற மாதிரி ரவிக்கை நிறத்தை முடிவு செய்தால், புடவைக்கு ஒன்று என்று ரவிக்கையும் உள்பாவாடையும் அடுக்க வேண்டியதில்லை. சுடிதார் போடுகிறவர்களுக்கு இன்னும் எளிது: ஒரு கறுப்பு லெக்கிங்ஸ், ஒரு பலாஸோ, மேலே நான்கு டாப்ஸ், ஒரே துப்பட்டா. கல்யாணத்துக்குப் போகிறீர்கள் என்றால் அந்த ஒரு பட்டு நியாயம்தான். ‘ஒருவேளை ரிசப்ஷனுக்கு’ என்று இரண்டாவது பட்டு எடுக்கிறபோதுதான் கை வழுக்குகிறது.

குளிர் நாட்டுக்குப் போகிறேன். ஜெர்க்கினே மூன்று கிலோ!

ஒரே தடிமனான கோட்டுக்குப் பதிலாக அடுக்கடுக்காகப் போடுங்கள். உடம்போடு ஒட்டிய தெர்மல் ஒரு செட், அதன் மேல் சட்டை, அதன் மேல் ஃப்ளீஸ் அல்லது ஸ்வெட்டர், கடைசியில் காற்றும் மழையும் உள்ளே வராத மெல்லிய ஜாக்கெட். அடுக்குகளுக்கு நடுவே நிற்கிற காற்றுதான் சூடு காக்கிறது. உள்ளே ஹீட்டர் போட்ட கடைக்குள் நுழைந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றவும் வசதி. குல்லாயும் கையுறையும் எடை இல்லாதவை, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். கனமான ஷூவும் ஜாக்கெட்டும் பெட்டிக்குள் போகக் கூடாது, போட்டுக்கொண்டே ஏறுங்கள். சென்னை ஏர்போர்ட்டில் ஜாக்கெட்டோடு நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பொடி, ஊறுகாய் இல்லாமல் எங்களால் முடியாது.

உண்மையில் நம் பெட்டியின் எடை இங்கேதான் இருக்கிறது. துணியை எவ்வளவு குறைத்தாலும் பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், முறுக்கு, தட்டை, ரவா லட்டு, ஒரு குட்டி ரைஸ் குக்கர் என்று வரிசையாக வந்தால் ஏழு கிலோ எங்கே போகும்?

முதலில் அங்கே கிடைக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா, கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ், துபாயில் கராமா, லண்டனில் ஈஸ்ட் ஹாம், பாரிஸில் ஈழத்தமிழர்கள் கடை நடத்துகிற லா ஷப்பல். இங்கெல்லாம் பொடி, அப்பளம், முருங்கைக்காய் வரை கிடைக்கும். அந்த ஊருக்கு இங்கிருந்து சாம்பார் பொடி சுமப்பது வீண். தமிழ்க் கடையே இல்லாத ஊருக்குப் போகிறவர்கள் ஒரு கால் கிலோ பருப்புப்பொடியும் கொஞ்சம் ஊறவைத்துச் சாப்பிடுகிற அவலும் எடுத்துக்கொண்டால் போதும், சோறு எந்த ஊரிலும் கிடைக்கும்.

ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் நெய்யும் செக்யூரிட்டி கண்ணுக்குத் திரவம். கேபின் பை மட்டும் கொண்டுபோகிறவர்கள் அதை மறந்துவிடலாம். அமெரிக்கா போகிற விமானங்களில் 2018 முதல் பொடிக்கும் ஒரு கெடுபிடி உண்டு: 350 மில்லி அளவுக்கு மேல் பொடி கைப்பையில் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், சந்தேகம் தீரவில்லை என்றால் அங்கேயே எடுத்துவிடுவார்கள்.

ரைஸ் குக்கர் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கரை அங்கே மாட்டினால் அதன் சக்தியில் கால் பங்குதான் கிடைக்கும், அரிசி வெந்நீரில் ஊறிக்கொண்டிருக்கும். பிளக்கை மாற்றுகிற அடாப்டர் வோல்டேஜை மாற்றாது.

எந்தச் சாப்பாட்டுப் பொருளைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும்?

நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. பால்கோவா, நெய் எல்லாம் அதில் அடங்கும். அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கூடாது, எலுமிச்சை ஆரஞ்சு வகை மரங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையில் தங்குகிறது என்பது காரணம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் எந்தச் சாப்பாட்டுப் பொருளானாலும் படிவத்தில் ‘ஆம்’ என்று எழுதிக் காட்டிவிடுங்கள். காட்டினால் அதிகம் போனால் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

கசகசா மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கு அது குருமாவில் போடுகிற சாமான். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்தில் போய் மாட்டும். மசாலா பொட்டலத்தில் கசகசா கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

நான் குறைத்தாலும் சொந்தக்காரர்கள் விடுவதில்லையே. ‘இதை மட்டும் என் பெண்ணிடம் கொடுத்துவிடு’ என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொல்லலாம். நீங்கள் கிளம்பப் போகிற செய்தி தெரிந்ததும் தூரத்துச் சித்தி போன் செய்வார். ‘ஒண்ணும் இல்ல, ஒரு சின்னப் பொட்டலம்தான்.’ அது வரும்போது மூன்று கிலோ இருக்கும், மேலே பழுப்பு டேப் நான்கு சுற்று, உள்ளே என்ன என்று கேட்டால் அவருக்கே சரியாகத் தெரியாது, ஏனென்றால் பாதி அவருடைய சம்பந்தி கொடுத்தது.

முகத்தில் அடித்த மாதிரி மறுக்க நம்மால் முடியாது. அதனால் முதலிலேயே, டிக்கெட் போட்ட அன்றே, ‘இந்தத் தடவை கேபின் பை மட்டும்தான், செக்-இன் எடுக்கவே இல்லை’ என்று எல்லார் காதிலும் போட்டுவிடுங்கள். ‘முடியாது’ என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, ஏர்லைன்ஸ் சொல்லும். சித்தியின் பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா, வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்று செக்-இன் கவுன்டரில் கேட்கிறார்களே, அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. உங்கள் பெட்டியில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு, அடுத்தவர் கொடுத்தது என்று சொல்லி எந்த நாட்டுச் சுங்கத்திலும் தப்ப முடியாது. வாங்கியே ஆக வேண்டும் என்றால் டேப்பைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, உங்கள் கையால் திரும்பக் கட்டுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அடுத்த பொங்கலுக்குள் சரியாகிவிடும்.

மருந்து மாத்திரை?

இதில் மட்டும் குறைக்காதீர்கள். பயண நாளுக்குத் தேவையானதும் மேலே ஒரு வாரத்துக்கும் எடுத்து, அட்டையோடு, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். டப்பாவில் கலந்து போட்டால் எது எதுவென்று அதிகாரிக்குத் தெரியாது. இங்கே கிடைக்கிற சில மருந்துகளுக்கு வெளியே கட்டுப்பாடு உண்டு: கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் என்கிற வலி மாத்திரையும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை, சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரை ஜப்பானில் கூடாது.

ஷாம்பு, எண்ணெய், பேஸ்ட்?

ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் ஜிப் கவருக்குள். லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கிற சதி 2006 ஆகஸ்டில் பிடிபட்ட பிறகு வந்த விதி இது. புது ஸ்கேனர் வந்த சில ஏர்போர்ட்களில் தளர்த்தியிருக்கிறார்கள், ஆனால் நீங்கள் திரும்பி வருகிற ஏர்போர்ட்டும் அப்படி இருக்கும் என்று நம்பிப் பெரிய பாட்டில் வாங்காதீர்கள்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் பயணத்துக்கென்று குட்டி பாட்டில் வாங்கி ஊற்றி நிரப்புகிறார்கள். நாம் பெட்டிக்கடையில் கயிறாகத் தொங்குகிற ஷாம்பு சாஷேயைக் கிழித்துக்கொண்டு போனால் முடிந்தது. ஷாம்புவைச் சாஷேயில் போட்டு விற்கலாம் என்று செய்து காட்டியவரே கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன்தானே. தேங்காய் எண்ணெயும் சாஷேயில் வருகிறது. குளிக்கிற சோப்பு கட்டியாகவே இருக்கட்டும், பாடி வாஷ் வேண்டாம்.

சார்ஜர், பவர் பேங்க் எத்தனை?

இரண்டு மூன்று போர்ட் உள்ள ஒரே சார்ஜர், இரண்டு கேபிள், ஒரு பவர் பேங்க். பவர் பேங்க் செக்-இன் பெட்டிக்குள் போகவே கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-அவர் (பேட்டரி கொள்ளளவின் அளவு) வரை அனுமதி கேட்க வேண்டாம், 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-அவர், அதனால் கவலை இல்லை. ஆனால் 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், அக்டோபர் முதல் எமிரேட்ஸும் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டன, ஏறுவதற்கு முன்பே போனை நிரப்பிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டனுக்கு மூன்று தடித்த சதுரக்கால் பிளக். ஐரோப்பாவில் இரண்டு உருண்டைக்கால், நம் மெல்லிய இரட்டைக்கால் சார்ஜர் பெரும்பாலும் அப்படியே போகும்.

டிராலியா, முதுகுப் பையா?

டிராலி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ. ஏழில் மூன்று போனால் மிச்சம் என்ன? நாற்பது லிட்டர் முதுகுப் பை ஒன்று ஒன்றரை கிலோவுக்குள் கிடைக்கிறது. முதுகு வலி உள்ளவர்கள் டிராலியே எடுங்கள், மென்மையான துணி டிராலியாகப் பார்த்து.

பாரிஸ் மெட்ரோவில் பல ஸ்டேஷனில் படிக்கட்டுதான், வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படி ஏறி இறங்க வேண்டும். ஜப்பானில் டோக்கியோ–ஒசாகா புல்லட் ரயிலில் நீளம் அகலம் உயரம் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் பெட்டிக்கு இடமுள்ள சீட்டை முன்பே பிடிக்க வேண்டும்.

செக்-இன் இலவசமாகத்தானே தருகிறார்கள்? போட்டால் என்ன?

தாராளமாகப் போடலாம். ஒரே ஒரு விஷயம், இணைப்பு விமானம் ஒன்றரை மணி நேர இடைவெளியில் இருந்தால் நீங்கள் ஓடிப் பிடித்துவிடுவீர்கள், பெட்டி பிடிக்காமல் போகலாம். பெட்டி வரவில்லை என்றால் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுன்டரில் புகார் எழுதிக் கொடுத்து நம்பர் வாங்குங்கள். விமானப் பயணிகளின் இழப்பீடு பற்றிய சர்வதேச ஒப்பந்தமான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகபட்ச இழப்பீடு 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். அது உச்சவரம்பு, எல்லாருக்கும் அப்படியே கொடுத்துவிட மாட்டார்கள், பில் கேட்பார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதை போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

கேபின் பையை நிஜமாகவே எடை போடுவார்களா?

மலிவு விமானங்களில் போடுவார்கள், அதுவும் சில சமயம் கேட் வாசலில். அங்கே பெட்டியைத் தரையில் பிரித்துப் போட்டு, வீட்டு அம்மா முறைக்க முறைக்க ஐயா ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று சட்டை மாட்டுகிற காட்சியைப் பார்க்காதவர் இல்லை. கொக்கி மாட்டித் தூக்கிப் பார்க்கிற கைத்தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வீட்டிலேயே போட்டுவிடுங்கள். இந்திய ஏர்போர்ட்களில் ஆளுக்கு ஒரு கைப்பை என்பது விதி, பெண்களின் ஹேண்ட்பேக்குக்கு விலக்கு உண்டு.

திரும்பி வரும்போது வாங்கின சாமானை எதில் போடுவது?

போகும்போதே மடித்தால் கையடக்கமாகிவிடுகிற ஒரு துணிப்பையை அடியில் போட்டுக்கொள்ளுங்கள். வருகிறபோது அழுக்குத் துணியெல்லாம் அந்தப் பைக்குள் போய்ச் செக்-இன், சாக்லேட்டும் உடைகிற சாமானும் முதுகுப் பைக்குள். திரும்புகிற டிக்கெட்டுக்கு மட்டும் எடை வாங்குவதானால் ஆன்லைனில் முன்பே வாங்குங்கள், கவுன்டரில் போய் நின்றால் விலை வேறு. அந்தச் சித்தி பெண்ணும் ‘அம்மாவுக்கு ஒரு சின்னப் பொட்டலம்’ என்று ஏர்போர்ட் கிளம்புகிற நேரத்தில் வந்து நிற்பாள், அதற்கும் அரை கிலோ இடம் விட்டுவையுங்கள்.